பாணனும் அவன் துணைவரும்

வாளேந்தியவன் போர்க்களத்தில் துணையாவான், வில்லேந்தியவனும் துணையாவான். யாழேந்தியவன் எவ்வாறு துணையாவான்? பழைய ஐரோப்பிய அரசவைகள் தமக்குரிய முறையில் இவ்வினாவுக்கு விடை கண்டிருந்தன. சென்ற அரை நூற்றாண்டில் இதே வினா ஒரு விளையாட்டின் வழியாக மீண்டும் எழுந்தது. அவ்விளையாட்டில் பாணன் பெற்ற இடத்தின் வரலாற்றை இங்குக் காண்போம். மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் கணிப்பொறித் திரையில் ஆடும் ஆட்டங்களுக்குப் பின்னேயும் இவ்வரலாறு நிற்கிறது.

1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் இயற்றிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டம் வெளிவந்தது. நண்பர் சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்திச் செல்வார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். குகையும் கோட்டையும் அரக்கரும் பெரும்பாலும் சொல்லினாலேயே எழுப்பப்படும். ஒரு செயல் வெல்லுமா தோற்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். வானொலி நாடகம் கேட்டுப் பழகிய நேயர்களுக்கு, செவிவழியே காட்சி காணும் இவ்வின்பம் புதியதன்று.

இவ்வாட்டத்தில் 'பார்டு' என வழங்கும் பாத்திரத்தையே பாணன் என்கிறோம். 'பார்டு' என்பது கெல்டிய மொழிகளிலிருந்து வந்த சொல். அதற்குப் பாணன் என்னும் சொல்லை ஆள்வது வலிந்து செய்த மொழிபெயர்ப்பும் அன்று. ஈழத்து அறிஞர் க. கைலாசபதி 1968-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தம் ஆராய்ச்சி நூலில், சங்கப் பாடல்களைக் கிரேக்க, கெல்டிய வீரப் பாடல்களோடு ஒப்பவைத்து ஆராய்ந்தார். பாடித் திரிந்து புரவலரை நாடிய கலைஞர் இரு நிலங்களிலும் இருந்தனர்.

முதலில் வேல்ஸ் நாட்டைக் காண்போம். பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட ஹைவெல் என்னும் அரசன் பெயரால் வழங்கும் பழஞ்சட்டத் தொகுதி ஒன்று அங்கு உண்டு. அரசனது அவையில் பதவி பெற்றோருள் படைவீட்டுப் பாணனையும் ஒருவனாக அச்சட்டம் எண்ணுகிறது. வீரர்கள் கொள்ளைமேற் செல்லும்போது அவர்களுக்குப் பாடுதல் அவன் கடமை. கவர்ந்து வந்த ஆனிரையில் ஒரு பங்கு அவன் உரிமை. பாட்டு வீரருக்குப் பயன்பட்டது என்பதனாலேயே பாடியவனுக்கும் பங்கு வகுத்தனர்.

அடுத்து நார்வே நாடு. 1030-ஆம் ஆண்டில் ஸ்டிக்லஸ்டாட் என்னுமிடத்தில் ஒரு பெரும்போர் நிகழ்ந்தது. நாடிழந்து வெளிநாடு சென்றிருந்த ஓலாவ் மன்னன், இழந்த அரசை மீட்கத் திரும்பி வந்திருந்தான். போர் நாள் விடியலில் அவன் தார்மோட் என்னும் புலவனை அழைத்து ஒரு பாட்டுப் பாடச் சொன்னான் என்று, பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்னோரி எழுதிய அரசர் வரலாறு கூறுகிறது. படை முழுதும் துயிலெழுமாறு தார்மோட் ஒரு பழைய வீரப்பாட்டை உரத்த குரலில் பாடினான். வீரர் மகிழ்ந்து நன்றி கூறினர். மன்னன் அவனுக்குப் பொன் வளையம் ஈந்தான். ஆயினும் அன்றைய போரில் ஓலாவ் தோற்றான், களத்திலேயே மாண்டான். அம்பு தைத்த புண்ணால் தார்மோடும் அன்றே இறந்தான் என்பது அந்நூல் கூறும் செய்தி. பாட்டு வெற்றியைத் தரவில்லை. சேர்ந்து நின்றோர் சிதறாது நிற்கத் துணை செய்தது; அவ்வளவே.

இத்தகைய செய்திகள் நிறைந்த மரபிலிருந்தே ஆட்டத்தின் பாணன் பிறந்தான். 1976-இல் 'ஸ்ட்ராட்டஜிக் ரெவ்யூ' என்னும் இதழில் டக் ஷ்வெக்மன் என்பார் பாணனுக்கு விதிகள் வகுத்தார். வடபுலத்து ஸ்கால்டு, கெல்டியப் பாணன், தென் ஐரோப்பிய நாடோடிப் பாடகன் ஆகிய மூவரையும் கலந்து அவர் ஒருவனை அமைத்தார். அவனுடைய இசை கேட்போரை மயக்கும்; பழங்கதைகளும் மாயப் பொருள்களின் வரலாறும் அவனுக்குத் தெரியும்.

1978-இல் வெளிவந்த விதிநூல் அவனை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டது. பாணனாக விரும்புவோன் முதலில் போர்வீரனாகச் சில படிகள் ஏறவேண்டும். பின்னர்த் திருடனாகச் சில படிகள் ஏறவேண்டும். அதன் பின்னரே பாண் தொழிலைத் தொடங்கலாம். துணைவரின் தாக்குதலுக்கு ஒரே ஓர் எண்ணைக் கூட்டித் தரும் பாட்டு அவனிடம் இருந்தது உண்மை. ஆனால் அப்படியை எய்தும் பொறுமை மிகச் சிலருக்கே வாய்த்திருக்கும். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு இத்தடையை நீக்கி, முதற்படியிலிருந்தே ஒருவன் பாணனாகலாம் என்றது.

இதற்கிடையே பாணன் கணிப்பொறிக்குள்ளும் புகுந்தான். 1985-இல் வெளியான 'தி பார்ட்ஸ் டேல்' என்னும் ஆட்டத்தில் பாணனின் பாட்டு கூட்டத்தாரைக் காத்தது. பாடப் பாடத் தொண்டை வறண்டது. மதுக்கடைக்குச் சென்று குடித்தாலன்றிப் பாட்டு மீளாது. 1999-இல் வந்த 'எவர்குவெஸ்ட்' ஆட்டத்தில் ஒவ்வொரு பாட்டின் பயனும் சில நொடிகளே நிலைத்தது. ஆகவே பாணனாக ஆடுவோர் ஒரு பாட்டு ஓயுமுன் அடுத்ததைத் தொடுத்து, கூட்டாளிகளுக்காக ஓய்வின்றிப் பாடினர்.

இவ்வளவு இருந்தும், பாணனைப் பயனற்றவன் என்று நகையாடும் வழக்கம் ஆடுவோரிடையே நெடுநாள் நிலவியது. தனியே நின்று பகைவனை வீழ்த்தும் ஆற்றலைக்கொண்டு அளந்தால் அவன் சிறியவனே. அந்த அளவுகோல் பொருந்தாது என்பதை 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஒரு சிறு விதியால் காட்டியது. பாணன் தன் சொல்லாலோ இசையாலோ ஊக்கம் அளித்து, அறுபதடித் தொலைவுக்குள் இருக்கும் ஒருவருக்கு ஒரு பகடையை ஈயலாம். பெறுபவர் பாணனின் குரலைக் கேட்கக்கூடியவராக இருக்கவேண்டும். அடுத்த பத்து நிமிடத்துக்குள் தமக்கு இடர் வந்தபோது அப்பகடையை உருட்டி, விழுந்த எண்ணைத் தம் முயற்சியோடு கூட்டிக்கொள்ளலாம். ஆனால் அப்பகடையைப் பாணன் தனக்கே கொடுத்துக்கொள்ள இயலாது. விழும் எண் ஆறாகவும் இருக்கலாம், ஒன்றாகவும் இருக்கலாம். ஸ்டிக்லஸ்டாட் விடியலில் தார்மோட் அளித்ததும் இத்தகைய கொடையே அன்றோ!

பாட்டின் வலிமையைப் பகடையின் எண்ணால் அளப்பது தகுமா என்று சிலர் வினவக்கூடும். தகாது என்பதை ஆட்டம் இயற்றியோரும் உணர்ந்திருந்தனர் எனலாம். 2009-இல் வெளிவந்த 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' ஆட்டத்தில் லெலியானா என்னும் பாண்மகள் பாசறையில் ஒரு பாட்டுப் பாடுகிறாள். அப்பாட்டால் எந்த எண்ணும் கூடுவதில்லை. உடன்வந்தோர் கேட்டிருக்கின்றனர், அதுவே அக்காட்சியின் பயன்.

2023-இல் பெல்ஜிய நாட்டு லேரியன் நிறுவனம் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' இன்னும் ஒரு படி மேற்சென்றது. அதில் தம் ஊரினின்று துரத்தப்பட்ட ஏதிலியர் கூட்டம் ஒன்று வழியில் தங்கியிருக்கிறது. அக்கூட்டத்தில் அல்ஃபிரா என்னும் இளம் பாண்மகள் இருக்கிறாள். அவளுக்கு இசை கற்பித்த ஆசிரியை வழிப்பயணத்தில் கொல்லப்பட்டாள். அவளை நினைந்து பாடத் தொடங்கிய பாட்டு முடிவுறாமல் நிற்கிறது. ஆடுவோர் அருகில் சென்று துணைநின்றால், அவள் பாட்டு நிறைவெய்தும். ஆட்டத்தின் வேறொரு போக்கிலோ, துணையாகச் சேர விரும்பிப் பாசறைக்கு வரும் அவளை, ஆடுவோரின் பாத்திரமே தன்னை அடக்கமாட்டாக் கொலைவெறியால் அன்றிரவே கொன்றுவிடுகிறது. விடிந்தபின் அவள் குரல் இல்லாத பாசறை எஞ்சுகிறது. அவள் பாட்டை நிறைவிக்கத் துணைநின்றவருக்கே அவ்விழப்பின் அளவு நன்கு விளங்கும்.

யாழேந்தியவன் எவ்வாறு துணையாவான் என்னும் வினாவுக்கு வேல்ஸ் நாட்டுச் சட்டமும் நார்வே நாட்டு வரலாறும் இன்றைய ஆட்டவிதியும் தரும் விடை ஒன்றே. அவன் பாடுவது தனக்காக அன்று. கேட்பவர் இருக்கும்போதே அவன் கலைக்கு வலிமை பிறக்கிறது. சொந்த ஊரை விட்டு வேற்றூரில் வாழ்வோர் விழா நாள்களில் ஒரு வீட்டில் கூடி, ஒருவர் தொடங்கிய பாட்டை மற்றவர் எடுத்துப் பாடும்போது, இவ்வுண்மையை விதிநூல் இன்றியே உணர்கின்றனர். பிள்ளைகள் திரையில் காணும் பாணனின் கதையை அவர்களிடம் கேட்டறிந்து, அவ்வாறு கூடும் ஒரு நாளில் அவர்களையும் உடன் பாட அழைப்போமாக.