மதுரை வக்கீல் வைத்தியநாதய்யர்

மதுரை அ. வைத்தியநாதய்யர் என்றதும் 1939 ஜூலை 8தான் பலருக்கும் நினைவுக்கு வரும். தமிழ்நாடு ஹரிஜன சேவா சங்கத் தலைவரான அவர், கோயில் நுழைவு மறுக்கப்பட்டிருந்த கக்கன் முதலிய தாழ்த்தப்பட்டோரையும் நாடார் ஒருவரையும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்ற நாள் அது. அவருடைய துணிச்சலை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அவர் வக்கீல் என்பது வாழ்க்கைக் குறிப்பின் முதல் வரியோடு நின்றுவிடுகிறது. ஆலயப் பிரவேசம் ஏன் அந்த வழியில் நடந்தது என்பது அவருடைய தொழிலை வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். 1897இல் நாடார்கள் கமுதி கோயிலுக்குள் நுழைந்தபோது, பரம்பரை அறங்காவலரான ராமநாதபுரம் சேதுபதி வழக்குத் தொடுத்தார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன அந்த வழக்கில், 1908இல் நாடார்கள் தோற்றார்கள். நீதிமன்றம் வழக்காறு என்ன என்றுதான் கேட்டது. அது நியாயமா என்று கேட்கவில்லை. விலக்கிவைப்பதே வழக்காறாக இருக்கும்போது, அந்த வழக்காற்றையே சாட்சிக்கு அழைக்கும் மன்றத்தில் எந்த வக்கீல் வெல்ல முடியும்? புதிய சட்டம் ஒன்றே மிச்சமிருந்த வழி.

ஆகவே கோயிலுக்குள் நுழைந்ததோடு வேலை முடியவில்லை. பட்டர்களில் ஒரு சாரார் பூசைக்கு வர மறுத்தார்கள். நுழைந்தவர்கள் மீதும் அனுமதித்த அதிகாரிகள் மீதும் வழக்குப் பாயும் நிலை. ராஜாஜி அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, அதே ஆண்டில் அதைச் சட்டமாகவும் நிறைவேற்றியது. நுழைந்தவர்களுக்கும் அனுமதித்தவர்களுக்கும் அது காப்பளித்தது. வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று கருதும் அறங்காவலர்கள் அரசின் ஒப்புதலோடு கோயிலைத் திறந்துவிடவும் இடம் தந்தது. செய்த காரியத்துக்குப் பின்தேதியிட்டு மன்னிப்பு வழங்கும் சட்டம் என்று வைதிகர்கள் குற்றஞ்சாட்டினார்கள். இந்த ஆட்சேபத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பின்தேதிச் சட்டத்தை வேறு எந்த விஷயத்திலும் நாம் சந்தேகத்தோடுதான் பார்ப்போம். இருந்தாலும் இச்சட்டம் யாருடைய வழிபாட்டையும் பறிக்கவில்லை, யாரையும் தண்டிக்கவுமில்லை. சாமி கும்பிட்டவனை நீதிமன்றத்துக்கு இழுக்கும் உரிமையை மட்டுமே எடுத்துக்கொண்டது. அப்படியொரு உரிமை போனதற்கு வருந்த வேண்டியதில்லை.

இன்னொரு ஆட்சேபம் எனக்கு இதைவிடக் கனமாகப் படுகிறது. பிராமண வக்கீல் ஒருவர் கைப்பிடித்து அழைத்துப்போனதாகவே கதை சொல்லப்படும்போது, உள்ளே காலடி வைத்தவர்கள் பின்னணிக்குப் போய்விடுகிறார்கள். உண்மைதான். கமுதியில் தோற்றவர்களைக்கூட இந்தக் கதையில் யாரும் சேர்ப்பதில்லை. வழியைக் கண்டறிந்த பெருமை வைத்தியநாதய்யருக்கும் அவரோடிருந்தவர்களுக்கும் உரியது. அந்த வழி ஏன் தேவை என்பதை நிறுவியவர்கள் அதற்கு நாற்பதாண்டுக்கு முந்தைய வழக்காளிகள். 1946 தேர்தலில் வைத்தியநாதய்யர் சென்னை மாகாணச் சட்டசபை உறுப்பினரானார். அறங்காவலர் மனம்வைத்தால்தான் கோயில் திறக்கும் என்பது 1939 சட்டத்தின் பெருங்குறை. அவர் உறுப்பினராக இருந்தபோது வந்த 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் அந்தக் குறையை நீக்கி, எந்தச் சாதியைச் சேர்ந்த இந்துவும் எந்த இந்துக் கோயிலுக்குள்ளும் சென்று வழிபடலாம் என்று உரிமையாகவே எழுதியது.