குரங்கணி மலைமேல் ஓடிய ரோப்வே

போடிநாயக்கனூருக்கு மேற்கே, குரங்கணி மலைச்சரிவின் மேலே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி இறங்கிக்கொண்டிருந்தன. மலைமேலுள்ள டாப் ஸ்டேஷனிலிருந்து அடிவாரத்துக் கொட்டகுடி வரை சுமார் 5 கிலோமீட்டருக்கு அந்த ரோப்வே ஓடியது. ஏலமலையை ஒட்டிய இந்தச் சரிவில் ஆகாய வழியாக நடந்த முதன்மையான போக்குவரத்து அதுதான்.

அதற்கான தேவை மலையின் அமைப்பிலேயே இருந்தது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடம் குத்தகைக்கு எடுத்த, மூணாறைச் சூழ்ந்த கண்ணன் தேவன் மலைகளில் பின்னர் தேயிலை செழித்தது. மேற்கே கடற்கரைக்குப் போக அடர்காடும் பெரியாறும் குறுக்கே நின்றன. கிழக்கே போடி கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும், ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்திலிருந்து மலை செங்குத்தாகச் சரிகிறது.

மலைமேல் 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை போடப்பட்டது. வண்டியின் பாரத்தைத் தண்டவாளத்தில் உருளும் சிறு சக்கரங்கள் தாங்கின. பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் ஓடி, வண்டி சாயாமல் காத்தது. இழுத்தவை காளைகள். 1908இல் அதன் இடத்தில் இரண்டடி அகலக் குறுகிய ரயில் பாதை வந்தது. ரயில் டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவந்த தேயிலை, அங்கிருந்து ரோப்வேயில் இறங்கியது. இறங்கும் சுமைக்கு மலையின் சரிவே துணை. கொட்டகுடியிலிருந்து போடிக்கு மாட்டுவண்டி. போடிக்கு ரயில் வந்தது 1928இல்தான்.

அதற்குள் மேலிருந்த ரயில் அழிந்துவிட்டது. 1924 ஜூலைப் பெருவெள்ளம் தண்டவாளங்களையும் பாலங்களையும் அடித்துச் சென்றது. அந்தப் பாதை மறுபடி போடப்படவே இல்லை. 1935இல் நேரியமங்கலம் பாலம் திறந்தபின் மூணாறிலிருந்து மேற்கே ஆலுவா செல்லும் வழி எளிதானது. போடியின் பக்கம் இறங்கிய சரக்குக்கு இருந்த மவுசு குறைந்தது.

தேயிலை ரோப்வேயில் இறங்கிய காலத்திலும் போடி, தேவாரம் பக்கத்து ஏலத்தோட்டத் தொழிலாளர்களுக்கு மெட்டுப் பாதைகளில் கால்நடையாக ஏறுவதே வழியாக இருந்தது. இந்த மலைகளின் வரலாற்றில் தேயிலைப் பெட்டிக்குக் கிடைத்த வசதி அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதை மறக்கக்கூடாது.

ரோப்வே நின்றுபோனாலும் டாப் ஸ்டேஷன், சரிவின் நடுவிலுள்ள சென்ட்ரல் ஸ்டேஷன் ஆகிய ஊர்ப்பெயர்கள் நிலைத்துவிட்டன. மேகம் விலகும் நேரத்தில் தேனிச் சமவெளியைக் காண்பதற்காக மூணாறு வழியே பயணிகள் டாப் ஸ்டேஷனுக்கு வருகிறார்கள். குரங்கணியிலிருந்து அங்கே ஏற மலைப்பாதைதான் உள்ளது. சாலை வேண்டும் என்று அப்பகுதி மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள்.