தப்பிய பாக்டீரியாவும் சான்றே: மீன்நோய் ஃபேஜ் ஆய்வில் ஒரு முறையியல் வாதம்

பாக்டீரியாவைத் தொற்றி அழிக்கும் ஃபேஜ் வைரஸ்களை 1915-இல் ட்வோர்ட்டும் 1917-இல் தெரெல்லும் தனித்தனியே அறிவித்தனர். ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு வசப்படாத பாக்டீரியாக்கள் மீன் பண்ணைகளிலும் தலைதூக்கியதால் ஃபேஜ்கள் மீண்டும் கவனம் பெற்றுள்ளன. புதிய ஃபேஜ் ஒன்று கிடைத்ததும், அது எத்தனை பாக்டீரியா வகைகளைக் கொல்கிறது என்றே முதலில் பார்க்கிறோம். கொல்லப்படாமல் தப்பியவை நோய் உண்டாக்கும் திறனைத் தக்கவைத்துள்ளனவா என்ற கேள்விக்கும் அதே முதன்மை வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிரித்தெடுக்கும் முறை எளியது. பண்ணைக் குளத்து நீரையோ நோயுற்ற மீனின் திசுச் சாற்றையோ நுண்வடிகட்டியில் வடித்துப் பாக்டீரியாவை நீக்குவர். வடிநீரை நோய்க்கிருமியின் இளம் வளர்ப்புடன் சேர்த்து, இளஞ்சூடான மென் அகாரில் கலந்து தட்டில் ஊற்றுவர். பாக்டீரியா மங்கலான படலமாகத் தட்டெங்கும் படர, ஃபேஜ் பெருகிய இடங்கள் மட்டும் தெளிந்த வட்டங்களாகத் தெரியும். ஒற்றை வட்டத்திலிருந்து எடுத்துத் திரும்பத் திரும்ப வளர்த்தால் தூய ஃபேஜ் கிடைக்கும். பிறகு அதன் உருவம், பெருகும் வேகம், மரபணுத்தொகுதி ஆகியவை ஆராயப்படும். ஆனால் தட்டை மேலும் சில நாள் வைத்திருந்தால், தெளிந்த வட்டத்துக்குள்ளேயே பாக்டீரியா சிறு புள்ளிகளாக முளைப்பதுண்டு. ஃபேஜுக்கு எதிர்ப்பு பெற்றவை இவை. நம் கேள்விக்கு விடை இவற்றில்தான் இருக்கிறது.

ஜப்பானில் வளர்க்கப்படும் அயு மீனுக்கு இரத்தக்கசிவு மகோதரத்தை உண்டாக்குவது சூடோமோனாஸ் பிளெக்கோகுளோசிசிடா. பார்க், நகாய் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், நோயுற்ற அயுவிலிருந்தும் குளத்து நீரிலிருந்தும் இருவகை ஃபேஜ்களைப் பிரித்தெடுத்தனர். 1991 முதல் 1999 வரை வெவ்வேறு பகுதிகளில் சேகரித்த 27 பாக்டீரியா மாதிரிகளும் அவற்றுக்கு ஏறக்குறைய ஒரேபோல் இலக்காயின. ஃபேஜ் கலந்த தீவனம் உண்ட மீன்கள் சோதனைத் தொற்றிலிருந்து பாதுகாப்பு பெற்றன. இவற்றினும் முக்கியமான முடிவு ஒன்றுண்டு. தசையில் ஊசிவழி செலுத்தியபோது, மூல பாக்டீரியாவின் ஏறத்தாழ 16 செல்களே பாதி மீன்களைக் கொல்லப் போதுமாயின. எதிர்ப்பு பெற்றவற்றுக்கோ அந்த அளவு 10,000-ஐயும் தாண்டியது.

இது அயுவோடு நிற்பதன்று. ஃபின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தார் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபேஜிடமிருந்து தப்பிய ஃபிளேவோபாக்டீரியம் கொலம்னேர் என்ற மீன்நோய் பாக்டீரியா வழுக்கி நகரும் திறனை இழந்தது. வரிக்குதிரை மீன்களிடம் அதன் வீரியமும் குறைந்தது. ஃபேஜ் பற்றிக்கொள்ளும் புறப்பரப்புக் கூறே நோயுண்டாக்கவும் உதவுமானால், அதைக் கைவிட்டுத் தப்பும் பாக்டீரியா தன் ஆயுதத்தையும் இழக்கிறது.

எல்லா ஃபேஜும் இவ்வாறு நன்மை செய்யும் என்று கொள்ள முடியாது. விப்ரியோ ஹார்வேயைத் தொற்றும் விஹெச்எம்எல் என்ற ஃபேஜ், பாக்டீரியாவைக் கொல்லாமல் அதனுள் தங்கி, வீரியமற்ற வகைகளையும் இறால் குஞ்சுகளைக் கொல்பவையாக மாற்றியதை ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. இங்கு உயிர்தப்பிய பாக்டீரியாவே பெரிய ஆபத்து. தெளிந்த வட்டத்தை மட்டும் நம்பினால் இந்த வேறுபாடு பிடிபடாது.

ஆகவே ஃபேஜின் மரபணுத்தொகுதியில் பாக்டீரியாவுக்குள் தங்கவைக்கும் மரபணுக்களும் நச்சு மரபணுக்களும் இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். எதிர்ப்பு பெற்ற பாக்டீரியாவை உயிருள்ள மீனில் சோதித்து அதன் வீரியத்தை அளக்க வேண்டும். பல வகைகளைக் கொன்றும் தப்பியவற்றை வீரியத்தோடு விட்டுவைக்கும் ஃபேஜைவிட, சில வகைகளையே கொன்றாலும் தப்பியவற்றை வலுவிழக்கச் செய்யும் ஃபேஜே பண்ணைக்கு ஏற்றது.