கார்வார்க் கடற்கரையும் ஒரு நீதிபதியின் இல்லமும்

எழுத்தாளர்கள் ஊர் இரைச்சலை விட்டு ஒதுங்கிக் கடலோரத்தில் சில வாரங்கள் தங்கி எழுதிவருவது இந்நாளில் ஒரு முறையான ஏற்பாடாகவே ஆகிவிட்டது. விண்ணப்பம் அனுப்ப வேண்டும்; எழுதியவற்றில் மாதிரிக்குச் சில பக்கங்கள் இணைக்க வேண்டும்; தேர்வு பெற்றால் அறையும் உணவும் அமைதியும் கிடைக்கும். கடலைக் கண்டால் எழுத்து ஊறும் என்னும் நம்பிக்கை நெய்தல் பாடிய மரபில் வந்த நமக்குப் புதிதன்று. ஆயினும் அந்த அறைக்கு வாடகை கொடுப்பவர் யார், அடுப்பில் உலை வைப்பவர் யார் என்று இலக்கிய வரலாறு பெரும்பாலும் கேட்பதில்லை. இக்கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கும் ஒரு கடற்கரையைப் பற்றி இம்மலரில் எழுத விழைகிறேன். ஊர், மேலைக் கடற்கரையில் உள்ள கார்வார். ஆண்டு 1883. தங்கி எழுதியவர் அப்போது 22 வயதினராகிய இரவீந்திரநாத தாகூர். இடம் கொடுத்தவர் அவருடைய தமையனார் சத்யேந்திரநாதர். அங்கே நீதிபதியாக இருந்தவர்.

இந்நகருக்கு வருமுன் மூன்றாண்டுக் காலம் நானும் ஒரு மாற்றல் ஆணையின் பேரில் கார்வாரில் பணியாற்றினேன். ஆணை கைக்கு வந்த அன்று அவ்வூர் எங்கே இருக்கிறது என்று நில வரைபடத்தில் தேடினோம். கோவாவை ஒட்டி, கருநாடகத்தின் வடகோடிக் கடற்கரையில் இருந்தது. "மழை ஓயாத ஊராம், குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் எப்படியோ" என்று என் மனைவி கவலைப்பட்டாள். அவளைத் தேற்றுவதற்காகச் சேகரிக்கத் தொடங்கிய செய்திகளே இக்கட்டுரைக்கு வித்து.

அவற்றுள் முதலில் கிடைத்த செய்தி தேற்றுவதாக இல்லை. 1799 இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கன்னட மாவட்டம் முழுவதும் சென்னை மாகாணத்தோடு சேர்க்கப்பட்டது. அதன் முதல் கலெக்டராக அனுப்பப்பட்டவர், நம் சேலம், தருமபுரிப் பகுதியாகிய பாராமகாலில் ஏழாண்டுகள் பணிபுரிந்திருந்த தாமஸ் மன்றோ. அவருக்கு அந்த இடம் சற்றும் பிடிக்கவில்லை. மாற்றல் கேட்டு எழுதிக்கொண்டே இருந்து, 1800 இல் கடப்பை, பெல்லாரிப் பக்கம் போய்ச் சேர்ந்தார். பின்னாளில் சென்னைக்கு ஆளுநராகவே ஆன பெருமகனுக்கும் மாற்றல் விண்ணப்பம் எழுத நேர்ந்தது என்பது எங்கள் அலுவலகத்தில் பலருக்கும் ஆறுதல் அளித்த செய்தி! 1862 இல் அம்மாவட்டத்தின் வடபகுதி பம்பாய் மாகாணத்துக்கு மாற்றப்பட்டது. கார்வார் அதன் தலைநகராயிற்று. ஆகவேதான் பம்பாய் மாகாணப் பணியில் இருந்த ஒரு வங்காளியை அங்கே காண்கிறோம்.

அந்த வங்காளி எளியவர் அல்லர். 1842 இல் பிறந்த சத்யேந்திரநாதர், இந்தியக் குடிமைப்பணியாகிய ஐ.சி.எஸ். தேர்வில் வென்ற முதல் இந்தியர். 1863 இல் இலண்டனில் தேறி, அடுத்த ஆண்டு தாயகம் திரும்பினார். பணி கிடைத்ததோ பிறந்த மண்ணில் அன்று; தாய்மொழி வழங்காத பம்பாய் மாகாணத்தில். அகமதாபாத், கார்வார், சோலாப்பூர், சதாரா என்று ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஊர் ஊராக மாற்றலிலேயே கழிந்தன. போன இடத்து மொழிகளைக் கற்றார். துக்காராமின் அபங்கங்களை மராத்தியிலிருந்து வங்காளத்தில் தந்தார். மேகதூதத்தையும் கீதையையும் மொழிபெயர்த்தார். பம்பாய்ப் பக்கத்து வாழ்க்கையைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். இவ்வளவும் கோப்புகளுக்கும் தீர்ப்புகளுக்கும் நடுவே. பிறமொழி நிலத்தில் பணி பார்த்து, மாலையில் தமிழ் படிக்கும் நம்மைப் போன்றோர்க்கு இவர் நெருங்கிய உறவினராகவே தோன்றுவார்.

தம்பியின் நிலை வேறு. பதினான்கு பிள்ளைகளில் கடைக்குட்டிகளுள் ஒருவர். பள்ளிக்கூடம் ஒன்றிலும் நிலைத்துப் படிக்கவில்லை. 1878 இல் சட்டம் படிக்க இங்கிலாந்து சென்று, 1880 இல் பட்டம் ஏதுமின்றித் திரும்பினார். கவிதை நூல்கள் வெளிவந்திருந்தன. வருவாய் என்று சொல்ல ஒன்றுமில்லை. செல்வக் குடும்பம் ஆதலால் உணவுக்குக் குறைவில்லை என்பது உண்மையே. ஆயினும் "இந்தப் பையன் என்ன ஆகப்போகிறான்?" என்னும் கேள்வி செல்வர் வீட்டிலும் உண்டு.

தமையனார் வீட்டில் அவர் தங்கியது இது முதன்முறை அன்று. இங்கிலாந்து செல்லுமுன், 1878 இல் அகமதாபாத்தில் சில மாதங்கள் இருந்தார். அங்கே நீதிபதியின் உறைவிடம், ஷாஜகான் இளவரசனாக இருந்தபோது சபர்மதிக் கரையில் கட்டிய ஷாகிபாக் மாளிகை. அண்ணன் கச்சேரிக்குப் போனபின் பகல் முழுவதும் வெறுமையான அறைகளில் தம்பி தனியே உலவினார். அண்ணனின் நூல்களைப் புரட்டினார். தம் பாடல்களுக்குத் தாமே இசையமைக்கத் தொடங்கினார். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1895 இல் எழுதிய 'பசித்த கற்கள்' என்னும் புகழ்பெற்ற சிறுகதைக்கு அம்மாளிகையே மூலம். பிறகு இங்கிலாந்தில் அவர் முதலில் தங்கியதும் அண்ணியார் ஞானதாநந்தினி தேவி குழந்தைகளோடு இருந்த பிரைட்டன் நகர வீட்டில்தான். அதுவும் கடற்கரை ஊரே.

இனிக் கார்வாருக்கு வருவோம். 1912 இல் நூலாக வந்த 'ஜீவன்ஸ்மிருதி' என்னும் தம் வாழ்க்கை நினைவுகளில் இவ்வூரை அவர் வரைந்து காட்டியிருக்கிறார். மலைகள் சூழ்ந்த சிறு துறைமுகம். பிறைபோல் வளைந்த மணற்கரை. அதன் ஓரமாகச் சவுக்குக் காடு. ஒரு கோடியில் மலைகளைப் பிளந்துகொண்டு வந்து கடலில் கலக்கும் காளி நதி. 'காலாநதி' என்று அவர் எழுதுகிறார். ஊரார் காளி என்பர். ஏலமும் சந்தனமும் விளையும் அம்மலைகளைப் பழைய வடமொழிக் காவியங்களின் மலய மலையாகவே அவர் கண்டார்.

ஒரு நிலாக் காலத்து மாலையில் வீட்டார் சிலர் சிறு படகேறி ஆற்றில் மேல்நோக்கிச் சென்றனர். சிவாஜியின் பழைய மலைக்கோட்டை என்று அவர் குறிக்கும் ஓரிடத்தில் கரையேறினர். பெருக்கித் துப்புரவாக வைத்திருந்த ஒரு குடியானவர் வீட்டு முற்றத்தில், வேலிக்கு மேலாக நிலவு விழுந்த இடம் பார்த்து அமர்ந்து, கட்டிக்கொண்டு போன உணவை உண்டனர். திரும்பும்போது படகை நீரோட்டத்திலேயே விட்டுவிட்டனர். கழிமுகம் வந்து சேர நெடுநேரம் ஆயிற்று. கடல் வழியே வீடு திரும்பாமல் அங்கேயே இறங்கி மணலில் நடந்தனர். நள்ளிரவு, கடலில் அலை இல்லை, சவுக்கு மரங்களின் ஓயாத ஓலமும் அடங்கியிருந்தது. தத்தம் நிழலோடு ஒருவரோடொருவர் பேசாமல் அவர்கள் நடந்தார்கள். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு கவிதை வந்தது.

அக்கவிதையைப் பற்றி முதிர்ந்த வயதில் அவரே சொல்லும் கருத்து கவனிக்கத்தக்கது. அந்த இரவின் நினைவிலிருந்து பிரித்தெடுத்தால் அது பிறர்க்குச் சுவைக்குமோ என்று ஐயுறுகிறார். உள்ளம் பொங்கி வழியும் நேரத்தில் எழுதுவது நல்ல எழுத்தாகிவிடாது என்றும், சற்று விலகி நின்று நினைவு என்னும் தூரிகையால் தீட்டும்போதே கவிதையின் நிறம் சரியாகப் படியும் என்றும் விளக்குகிறார். கடலோரம் போய் அமர்ந்த அன்றே காவியம் பிறக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போர்க்கு இது சற்று ஏமாற்றமாக இருக்கலாம். அந்த இரவு தமக்குள் ஊறிக் கிடக்க அவர் இடம் கொடுத்தார்.

கார்வாரில் அவர் எழுதி முடித்த நூல் 'பிரகிருதிர் பிரதிசோத்' என்னும் நாடகம். 'இயற்கையின் பழி' எனலாம். 1884 இல் அச்சாயிற்று. ஆசைகளையும் பாசங்களையும் வேரோடு அறுத்து இயற்கையை வென்றுவிட்டதாகச் செருக்குற்ற ஒரு துறவி. அவனிடம் வந்து சேரும், ஊரார் தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கிய ஓர் அனாதைச் சிறுமி. அவளிடம் பாசம் முளைப்பதை உணர்ந்து அஞ்சி, அவளைக் கைவிட்டு ஓடுகிறான் துறவி. பின்னர்த் தண்டையும் கமண்டலத்தையும் எறிந்துவிட்டு அவளைத் தேடித் திரும்பி வருகிறான். அதற்குள் அவள் இறந்துபோகிறாள். நாடகம் என்ற அளவில் இது மேடைக்கு ஏற்றதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. துறவியின் தனிமொழிகள் நீளமானவை. ஆனால் எல்லையற்றதை எல்லைக்குள்ளேயே, சிறியதொன்றிலேயே காண்பது என்னும் கருத்து இங்கேதான் முதலில் உருப்பெற்றது. தம் பிற்கால எழுத்துகள் அனைத்துக்கும் இந்நாடகத்தை முன்னுரையாகக் கொள்ளலாம் என்று தாகூரே கூறியிருக்கிறார்.

பாசத்தை விட்டு ஓடியவனைப் பற்றிய இந்நாடகம், பாசம் நிறைந்த ஒரு வீட்டில் அமர்ந்து எழுதப்பட்டது என்பதை நான் முதலில் கவனிக்கவில்லை. கார்வார் மணலில் அந்தச் சவுக்குத் தோப்போரம் மாலைதோறும் நடந்தபோதுதான் அது தோன்றிற்று. அகமதாபாத்திலும் பிரைட்டனிலும் கார்வாரிலும் பின்னர்ச் சோலாப்பூரிலும் அவருக்கு வாய்த்த தனிமைகள் யாவும் அண்ணன் சம்பளத்திலும் அண்ணியின் நிர்வாகத்திலும் நடந்த குடும்பத்தின் கொடை. ஞானதாநந்தினி தேவியும் சாதாரணமானவர் அல்லர். திரைமறைவு வழக்கத்தை மீறிக் கணவரோடு பம்பாய் சென்றவர். பார்சி மகளிரைப் பார்த்துச் சேலை உடுத்தும் முறையைத் திருத்தி வங்காளத்தில் பரப்பியவர். 1885 இல் 'பாலக்' என்னும் சிறுவர் இதழைத் தொடங்கி, கொழுந்தனாரை அதற்கு எழுதிக்கொண்டே இருக்கச் செய்தவர்.

நம்மவர் பலருக்குப் புதுச்சேரிக் கடற்கரை நினைவுக்கு வரும். 1908 முதல் 1918 வரை பாரதியார் அங்கே வாழ்ந்தார். கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் அங்கே பிறந்தன. அவருடையது விருந்தன்று, புகலிடம். வாசலில் ஒற்றர் நின்றனர். நீதிபதியான அண்ணன் அங்கே இல்லை. வாடகை கேட்க வந்து, கேளாமலே திரும்பிவிடும் வீட்டுக்காரர் ஒருவர் இருந்ததாக வ.ரா. எழுதியிருக்கிறார். செல்லம்மாள் இருந்தார். பாரதியார் தாகூரின் சிறுகதைகள் சிலவற்றைத் தமிழாக்கியதும் இங்குச் சேர்த்து நினைக்கத்தக்கது.

கார்வாரிலிருந்து கல்கத்தா திரும்பும் வழியில், கப்பல் தளத்தில் அமர்ந்து அந்நாடகத்துக்கான பாடல்கள் சிலவற்றை இரவீந்திரநாதர் பாடிப் பாடி எழுதினார். அவ்வாண்டு டிசம்பரில் அவருக்குத் திருமணம் நடந்தது. 1884 ஏப்ரலில், அவருடைய எழுத்துக்கு உறுதுணையாக இருந்த மற்றோர் அண்ணியார் காதம்பரி தேவி இறந்தார். கார்வார் நிலவு அவ்வளவில் முடிந்தது. சத்யேந்திரநாதர் மேலும் பல ஊர்கள் கண்டு, 1897 இல் சதாரா நீதிபதியாக ஓய்வு பெற்றார். முதல் இந்திய ஐ.சி.எஸ். ஆகியும் மாவட்ட நீதிபதிக்கு மேல் உயரவில்லை. தம்பி நோபெல் பரிசு பெற்றதைக் கண்டு, 1923 இல் மறைந்தார்.

இன்று அந்தக் கடற்கரைக்கு இரவீந்திரநாத தாகூர் கடற்கரை என்று பெயர். தாகூர் என்ற அளவில் விட்டிருந்தால் அண்ணனுக்கும் பங்கு கிடைத்திருக்கும்; முன்பெயரையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். பணி ஓய்வு பெற்ற 'சபல்' என்னும் கடற்படைக் கப்பலொன்றை 2006 முதல் அங்கே காட்சிக்கு நிறுத்தியிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு அதுவே பெரிது. ஊருக்கும் மணலுக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓடுகிறது. கழிமுகத்தின் மேல் இருந்த பழைய பாலம் 2024 ஆகஸ்டில் ஒரு நள்ளிரவில் இடிந்து விழுந்தது. லாரியோடு ஆற்றில் விழுந்து உயிரோடு மீட்கப்பட்ட ஓட்டுநர் தமிழ்நாட்டவர் என்று செய்தித்தாளில் படித்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் கார்வாரில் இருந்தபோது என் தம்பி வந்து இரண்டு மாதம் தங்கியிருந்தான். பட்டம் பெற்று மூன்றாண்டுகளாகியும் வேலை கிடைக்கவில்லை. பகலெல்லாம் பின்கட்டுத் திண்ணையில் அமர்ந்து கதை எழுதிக்கொண்டிருப்பான். என் மனைவி அவனுக்கு இருமுறை தேநீர் வைத்துக் கொடுப்பாள். இரவீந்திரநாதர் அங்கே தங்கிய கதையை அவனுக்கு நான்தான் சொன்னேன். சொன்ன நானே ஒரு நாள் இரவு உணவின்போது, "போட்டித் தேர்வுக்குப் படிக்கிற வழியைப் பார், இப்படி உட்கார்ந்து எழுதினால் யார் சோறு போடுவார்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. அந்த வாரமே ரயிலேறிவிட்டான். இப்போது கோவையில் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறான்; நல்ல நிலையில் இருக்கிறான். எழுதுவதில்லை.

அவன் விட்டுச் சென்ற நோட்டுப் புத்தகங்கள் இரண்டும் எங்களோடு மூன்று ஊர் மாறி வந்திருக்கின்றன. இக்கட்டுரைக்காகப் பழைய குறிப்புகளைத் தேடியபோது பரணிலிருந்து அவற்றை எடுத்து, ஒரே இரவில் படித்து முடித்தேன். இரண்டாவது புத்தகத்தில் கடைசிக் கதை பாதியில் நிற்கிறது. சவுக்குத் தோப்பில் ஒரு கிழவர் யாருக்கோ காத்திருக்கிறார். சென்ற திங்கட்கிழமை இரண்டையும் விரைவு அஞ்சலில் அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். கிழவர் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று மட்டும் ஒரு துண்டுத்தாளில் கேட்டு எழுதியிருக்கிறேன்.