எல்லைக் கோடும் ஆட்டக் களமும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்தால் களியக்காவிளை வந்துவிடும். பாறசாலை கேரளம், களியக்காவிளை தமிழ்நாடு. இடையே மலை இல்லை, மதில் இல்லை. இருபுறமும் ஒரே தென்னை, ஒரே மரவள்ளி. கடைத்தெருவில் தமிழில் விலை கேட்டால் மலையாளத்தில் விடை வரும். மலையாளத்தில் கேட்டால் தமிழிலும் வரும்.

இந்தக் கோடு 1956 நவம்பர் 1-ஆம் நாள் விழுந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலூகாக்கள் அன்று சென்னை ராஜ்யத்தோடு இணைந்தன. நேசமணி முதலியோர் வழிநடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டிருந்தது. அந்தப் போராட்டத்தில், 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. ஆயினும் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அங்குள்ள தமிழர், பிறந்த மண்ணைவிட்டு ஓரடியும் நகராமலேயே மொழிச் சிறுபான்மையினர் ஆயினர்.

கோடு நகர்ந்ததும் கிரிக்கெட் அணியும் மாறிற்று. 1951-52 முதல் ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் ஆடிவந்த திருவிதாங்கூர்-கொச்சி அணி, 1957-58 முதல் கேரள அணி என்று பெயர் பெற்றது. குழித்துறை இளைஞன் ஒருவன் எந்த அணிக்கு ஆடுவது, எந்த அணிக்குக் கைதட்டுவது என்பதை அவன் முடிவு செய்யவில்லை. அரசாங்க ஆணை முடிவு செய்தது. ஊர் மாறுவதும் உரிமை மாறுவதும் வெவ்வேறு செய்திகள் என்பதை இவ்வட்டாரம் நமக்கு உணர்த்துகிறது.

1990-இல் பிரிட்டனின் முன்னாள் அமைச்சர் நார்மன் டெபிட் ஒரு சோதனையை எடுத்துரைத்தார். குடியேறிய ஆசியர்கள் கிரிக்கெட் ஆட்டத்தில் எந்த அணிக்கு ஆரவாரம் செய்கிறார்கள் என்று பாருங்கள், அதைக் கொண்டு அவர்களுடைய பற்றை அறியலாம் என்பது அதன் சாரம். கிரிக்கெட் ரசிகன் என்ற முறையில் எனக்கு இது பொருந்தாத அளவுகோலாகவே தோன்றுகிறது. குடியேறியவன் வரி செலுத்துகிறானா, சட்டத்தை மதிக்கிறானா, அண்டை வீட்டாருக்கு உதவுகிறானா என்று கேட்பது முறை. தாய்வழி நினைவில் எழும் ஆரவாரத்தைக் குற்றமாகக் கொள்வது முறையன்று.

சோதிக்க வேண்டியது குடியேறியவனை மட்டுமா? அவனை அழைத்த நாட்டையும் அன்றோ சோதிக்க வேண்டும்! டிரினிடாடைச் சேர்ந்த லியரி கான்ஸ்டன்டைன் 1929-இல் லங்காஷயரின் நெல்சன் சங்கத்துக்குத் தொழில்முறை ஆட்டக்காரராகச் சென்றார். அவர் அங்கே ஆடிய ஒன்பது பருவங்களில் ஏழு முறை அச்சங்கம் லீக் வெற்றியைப் பெற்றது. உலகப் போரின்போது, தொழிற்சாலைகளுக்கு வந்த மேற்கிந்தியத் தொழில்நுட்பப் பணியாளரின் நலனைக் கவனிக்கும் அரசாங்கப் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது. அவரையே 1943-இல் லண்டன் ஹோட்டல் ஒன்று நிறத்தின் காரணமாகத் தங்கவிட மறுத்தது. அவர் வழக்குத் தொடுத்து 1944-இல் வென்றார். நீதிமன்றம் வழங்கிய தொகை ஐந்து கினி மட்டுமே. தொகை சிறிது, தீர்ப்பு பெரிது. கையின் திறமையை வரவேற்ற நாடு, அக்கைக்கு உரியவரை வாசலில் நிறுத்தியது என்பதை ஊரறியச் செய்தது அத்தீர்ப்பு.

1962-இல் பிரிட்டன் காமன்வெல்த் குடியேற்றச் சட்டத்தை இயற்றி, வேலைக்கு வருவோரை மூன்று வகையாகப் பிரித்தது. வேலை உறுதியானோர் ஒரு வகை, தேர்ந்த திறமை உடையோர் ஒரு வகை, ஏனையோர் மூன்றாம் வகை. 1965-இல் மூன்றாம் வகைக்குக் கதவு மூடப்பட்டது. திறமையைப் பார்த்து ஆளை எடுக்கும் முறை இவ்வாறு வேரூன்றிற்று.

அம்முறைக்கு ஒரு குறை உண்டு. இன்றைய திறமையை அது அறியும்; நாளைய திறமையை அறியாது. தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் திறமையற்ற கூலிகள் என்றே கணக்கிடப்பட்டனர். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964-இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், எஞ்சியோர் பின்னர். 1920-இல் அவ்வாறு தோட்ட வேலைக்குச் சென்ற ஒருவரின் பேரன்தான் கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன். 2010-இல் காலியில் அவர் 800-ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தியபோது இலங்கை முழுவதும் கொண்டாடிற்று. பாட்டனைத் திறமைப் பட்டியலில் தேடியிருந்தால் பேரன் கிடைத்திருப்பானா?

அமெரிக்காவில் இன்னொரு காட்சி. மும்பையில் வளர்ந்து, 2010-இல் இந்திய இளையோர் அணியில் ஆடிய சௌரப் நேத்ராவல்கர், 2015-இல் மேற்படிப்புக்காக அங்கே சென்று மென்பொருள் பொறியாளர் ஆனார். 2024 ஜூன் 6-ஆம் நாள் டல்லாஸில் பாகிஸ்தானுக்கு எதிரான சூப்பர் ஓவரை வீசி அமெரிக்காவுக்கு வெற்றி தேடித்தந்தவர் அவரே. சர்வதேச கிரிக்கெட் விதிப்படி மூன்றாண்டு வசித்தாலே ஒரு நாட்டுக்கு ஆடும் தகுதி கிடைக்கும். ஆனால், அமெரிக்காவில் எச்-1பி விசாவில் பணிபுரியும் இந்தியர் பலர், பிறந்த நாட்டின் அடிப்படையில் அமைந்த உச்சவரம்பினால், நிரந்தரக் குடியிருப்புக்குப் பத்தாண்டுக்கும் மேலாகக் காத்திருக்கின்றனர். ஆட்டக் களத்தின் விதி, சட்டத்தைவிடத் தாராளமாக இருக்கிறது.

யாரை அனுமதிப்பது என்று முடிவு செய்யும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால், உழைப்பை ஏற்றுக்கொண்ட பின் உழைத்தவனை ஆண்டுக்கணக்கில் நிச்சயமின்றி வைத்திருப்பது நியாயமாகாது. குடும்பத்தோடு வாழவும், குறித்த காலத்துக்குப்பின் நிலையாகத் தங்கவும் வழி வகுப்பதே நல்ல கொள்கை.

2025-இல் கேரள அணி முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையின் இறுதி ஆட்டத்தை எட்டியது. பாறசாலைத் தமிழன் அன்று அவ்வணிக்காகக் கைதட்டியிருந்தால் அவனுடைய தமிழ் குறைந்துவிடாது. தமிழ்நாட்டு அணிக்காக வேறொரு நாள் கைதட்டினால் கேரளத்தின்மீதுள்ள பற்றும் குறைந்துவிடாது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ் அன்பர்கள் இதை நன்கு அறிவார்கள். வாழும் ஊருக்கு உழைப்பும் பிறந்த மொழிக்கு அன்பும் ஒரே நெஞ்சில் தங்கும். ஒன்று மற்றொன்றை வெளியேற்ற வேண்டியதில்லை.