மலாயாவில் ஆசிரியப் பதிவும் அரசியலும்

கற்பிக்கும் உரிமையை அரசு அனுமதியால் வரையறுப்பது கல்வித் தரத்தைப் பேணுதற்கே என்பது பொதுவான கருத்து. ஆயின், வேற்றுநாட்டிலிருந்து வந்த ஆசிரியரைப் பொறுத்தமட்டில் அவ்வனுமதி எதனை அளவிட்டது என்பது ஆராயற்பாலது. பிரித்தானிய மலாயாவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் சீனப் பாடசாலைகள் பெரும்பாலும் சீன வணிகரின் நன்கொடையால் இயங்கின. ஆசிரியர் பலர் சீனாவிலிருந்து வந்தனர். பாடநூல்களும் அங்கிருந்தே வந்தன. 1911 ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் வந்தோர் எழுத்தறிவோடு தேசிய உணர்வையும் ஊட்டினர். குடியேற்ற அரசு இப்பாடசாலைகளை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1919 மே 4 ஆம் நாள் பீக்கிங்கில் மாணவர் கிளர்ச்சி எழுந்தது. அதன் எதிரொலியாக யூன் மாதத்திலே சிங்கப்பூரிலும் பினாங்கிலும் யப்பானியப் பொருட்களுக்கு எதிரான கலவரங்கள் மூண்டன. அரசின் பார்வை வகுப்பறையின் மீது திரும்பியது.

1920 இல் நீரிணைக் குடியேற்றங்களில் பாடசாலைப் பதிவுக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. பாடசாலையும் அதன் முகாமையாளரும் ஆசிரியரும் பதிவு பெறுதல் கட்டாயமாயிற்று. ஆசிரியரின் பயிற்சியை மேம்படுத்துதலும் சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. எனினும், அரசின் நலனுக்கு மாறான போதனையைத் தடுத்தலே அதன் உயிர்நாடி எனலாம். சீனர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர்; எதிர்ப்பை முன்னின்று நடத்தியோர் சிலர் நாடு கடத்தப்பட்டனர். 1923 முதல் சில சீனப் பாடசாலைகட்கு நன்கொடைப்பணமும் வழங்கப்பட்டது. அதனால் விளைந்த நன்மையை மறுத்தற்கில்லை. ஆயினும் உதவியோடு மேற்பார்வையும் உள்ளே நுழைந்தது.

இதே காலத்துத் தமிழ்த் தோட்டப் பாடசாலைகளின் நிலையை ஒப்புநோக்கின் உண்மை தெளிவாகும். 1923 ஆம் ஆண்டுத் தொழிற் சட்டக்கோவை, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டங்களிற் பாடசாலை அமைக்குமாறு பணித்தது. ஆனால், பல தோட்டங்களிலே கங்காணியோ, எழுத்துவினைஞரோ, எழுத்தறிந்த தொழிலாளியோதான் ஆசிரியராயினர். பயிற்சியற்ற அவ்வாசிரியரால் அரசுக்கு அச்சமில்லை. ஆதலின் அவர்தம் தகுதி பெரிதாக வினவப்படவுமில்லை. றப்பர்த் தோட்டத்துப் பிள்ளைக்குத் தொழிலாளியாதற்கு அப்பால் எதிர்காலமொன்று உண்டென்று ஆட்சியாளர் கருதினாரல்லர்.

எனவே, மலாயாவில் ஆசிரியப் பதிவு அளவிட்டது அறிவையன்று, விசுவாசத்தையே. சீன ஆசிரியர் ஐயத்துக்குள்ளாயினர். தமிழ்ப் பிள்ளை புறக்கணிப்புக்குள்ளாயிற்று. இரண்டும் ஒரே கொள்கையின் இரு முகங்கள். ஆசிரியரின் தகுதியை நிர்ணயிக்கும் எந்தச் சட்டத்தையும் மாணவரின் நலன் என்னும் உரைகல்லிலேயே உரைத்துப் பார்த்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் படிப்பினையாகும்.