கடல் மீன்தொட்டியில் வேண்டாத கடல் சாமந்தியா? கிள்ளாதீங்க!

உங்க கடல் மீன்தொட்டிப் பாறையில், நீங்க வாங்கி விடாத பழுப்புக் கடல் சாமந்தி முளைச்சிருக்கா? பெரும்பாலும் அது ஐப்டேசியா. பக்கத்துப் பவளங்களைக் கொட்டிக் காயப்படுத்தும். கிள்ளினாலோ நசுக்கினாலோ, மிஞ்சுற துணுக்கிலிருந்தே மறுபடி வளரும்.

என்ன செய்யலாம்?

* பம்ப்பை நிறுத்திட்டு, கால்சியம் ஹைட்ராக்சைடை, அதாவது நீர்த்த சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து, சிரிஞ்சால் அதன் வாய்மேல் மெதுவா விடுங்க. கையுறை, கண்ணாடி அவசியம்.
* ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு போதும், அதிகமானால் பி.ஹெச் ஏறி மீன்களைப் பாதிக்கும்.
* பெப்பர்மின்ட் இறாலும் இதைத் தின்னும்.

எடுத்த பாறையையோ தண்ணீரையோ கழிமுகத்தில் கொட்டவே கூடாது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த ‘காக்கா ஆழி’ சிப்பி, எண்ணூரிலும் பொன்னேரி பக்கத்துப் பழவேற்காட்டிலும் தரையை மூடிப் பரவி, இறால் பிடிக்கிறவங்க பிழைப்பையே கெடுத்திருக்கு. தொட்டிக்கு ஒரு சிரிஞ்ச் போதும். ஏரிக்குப் போதாது.